பூங்கோதையின் இரவல் புத்தகம்

முகிலரசன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். எரியட்டும், அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? ஈரோட்டில் வாசிப்புக் கருவி விற்கிற கடைக்காரன் நான். எந்த எழுத்தாளரின் புத்தகம் ஓடினாலும் எனக்கு லாபம்தான். அந்தத் தாடிக்காரனின் புத்தகம் ஓடினால் மட்டும் கல்லாவில் விழும் காசு கசக்கும். அவன் என் மனைவி பூங்கோதையோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவன். எங்கள் கல்யாணத்துக்கு வந்து, ஊரே குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமும் கொடுத்துக்கொண்டிருக்க, அவன் ஒரு புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான். என் கையைக் குலுக்கக்கூட இல்லை. நேராகப் பந்திக்குப் போய்விட்டான். அன்றைக்கே எனக்கு அவன் மேல் ஒரு சந்தேகக் கண்.

நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று தெரிந்தால்தான் என் பாடு புரியும். போன வருஷம் தெய்வநாயகி என்று ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்தார். எல்லோரையும் போல அவரும் இரண்டு கருவிகளையும் இரண்டு கையில் வைத்துத் தராசு மாதிரி தூக்கிப் பார்த்தார்.

"எதுங்க நல்லது?"

"உங்களுக்கு என்ன படிக்கோணும்னு சொல்லுங்கம்மா. கேஸ் கட்டா, கதைப் புத்தகமா?"

"ரெண்டுந்தான். ஒரே மெஷின்ல ஆகாதுங்களா?"

"ஆகுமுன்னா நான் எதுக்கு ரெண்டு மெஷின வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்? இது 'கல்வெட்டு'. பெரிய திரை. பத்திரமோ தீர்ப்போ, முழுப் பக்கமும் சுருங்காம வரும். ஓரத்துல பேனாவால எழுதிக்கலாம். இந்தப் பட்டையக் காதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் படிச்சீங்கன்னா, படிச்சது வரிக்கு வரி மனசுல உக்காந்துக்கும். ஒரு மூட்டை கேஸ் கட்ட ஒரே நாள்ல முடிச்சுட்டு, கோர்ட்டுல பக்கம் நம்பரோட பேசலாம். சாகற வரைக்கும் போகாது. கதைப் புத்தகம்னா மட்டும் காசு குடுத்து வாங்கித்தான் இதுல படிக்கோணும்."

"அடேங்கப்பா. அப்ப இந்தச் சின்னது?"

"இது 'இரவல்'. கைக்கு அடக்கம். பொழுதுக்கும் புடிச்சிருந்தாலும் மணிக்கட்டு வலிக்காது. நூலகத்துல இருக்கற புத்தகம் அத்தனையும் காசில்லாம வரும். இதுக்கும் பட்டை உண்டு. ஆனா ரெண்டு வாரந்தான் கெடு. கெடு முடிஞ்சா புத்தகம் திரும்பிப் போயிரும்."

"நூலகப் புத்தகம்னா அப்படித்தானே? திரையில இருந்து போயிரும்."

"திரையில இருந்து மட்டுமில்லீங்க. தலையில இருந்தும்."

வக்கீலம்மா கருவியை மேஜை மேல் வைத்துவிட்டார். இந்த இடத்தில் எல்லோரும் வைப்பார்கள். நான் வழக்கமாகச் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

"பதிப்பகத்துக்காரங்க ஒத்துக்கலீங்க. ஓசியில படிச்சுப்போட்டு வரிக்கு வரி தலையில வெச்சுக்கிட்டா, அப்புறம் எவன் காசு குடுத்து வாங்குவான்னு ஒரே சண்டை. கடைசியில இப்படி ஒரு பஞ்சாயத்து ஆச்சு. கெடு முடியற அன்னிக்குப் பட்டையக் காதுல வெச்சா, கொசு கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். கதை போயிரும், கதையப் பத்தி நெனச்சது பேசுனது எல்லாம் கூடவே போயிரும். படிச்சமான்னே தெரியாது. பட்டைய வெக்காட்டி அடுத்த புத்தகம் தர மாட்டாங்க. இதுல ஒண்ணும் கெடுதல் இல்லீங்கம்மா. அதே புத்தகத்தத் திரும்பவும் புதுசாப் படிக்கலாமே! சனம் அதுக்குத்தான் அடிச்சுக்கிட்டு வருது."

"படிச்சப்ப வந்த அழுகை? அதுவும் போயிருமா?"

வாரண்டி எத்தனை வருஷம், பேட்டரி எத்தனை நாள் என்று கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. "அதுவும் போயிரும்னுதாங்க கம்பெனியில சொல்றாங்க" என்று சமாளித்தேன். அவர் சிரித்துக்கொண்டு இரண்டையும் வாங்கிப்போனார்.

இப்போது பூங்கோதைக்கு வருகிறேன். அவள் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் கல்வெட்டில் கணக்குகளைப் படித்துப் படித்து, யாருடைய மில் எந்த வருஷம் எவ்வளவு நஷ்டம் காட்டியது என்பதெல்லாம் அவள் தலையில் அசையாமல் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் இரவல்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவரை அவளுக்கு அதுதான் துணை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், கடைக்காரன் பெண்டாட்டி கையில் பழைய மாடல் இருக்கக்கூடாது என்று.

ஒரு நாள் வந்து பார்க்கிறேன், திரையின் மேல்பக்கம் 'பள்ளிபாளையம் பாலம்' என்று ஒரு நாவல். கீழே முகிலரசன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் சின்னவனாகிவிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே அவள் முகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது அழுதுகொண்டிருந்தாள். கண் துளும்புகிற அழுகை இல்லை, தோள் குலுங்கும் அழுகை. ஒருவன் எழுதிய எழுத்துக்கு என் வீட்டுக்குள் உட்கார்ந்து இப்படி அழுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றாமல் திரும்ப வெளியே போய், தெருமுனையில் டீ குடித்துவிட்டு வந்தேன்.

புத்தகத்தை முடித்த அன்று அவள் முகம் மழை விட்ட வாசல் மாதிரி தெளிவாக இருந்தது. அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, கேட்காமலே இன்னொரு கரண்டி நெய் விட்டாள். ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கை மேல் கை வைத்தாள். எத்தனை காலம் ஆயிற்று அவள் அப்படி வைத்து!

"ஏனுங்க, இந்தக் கதையில வர்றவ நாந்தானுங்க" என்றாள்.

"ஓஹோ."

"முகிலரசன ஒருக்காப் பாக்கோணும். இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கோணும். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்."

என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? கல்லூரிக் காலத்தில் இப்படி ஒருத்தன் இருந்தான், அவன் என்னை நினைத்துக் கதை எழுதியிருக்கிறான், இனி உங்களோடு எப்படி இருப்பேன். இதைத்தானே சொல்வாள்? நெருப்பில்லாமல் புகையுமா? இந்த வயதில் இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? இந்த ஒரு பயம்தான் எனக்கு. அந்த நேரத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. கெடு முடிய இன்னும் சில நாள்தான்.

"பேசலாம் கண்ணு. நாளைக்கு ஸ்டாக் வருது, தலைக்கு மேல வேல. ஞாயித்துக்கிழம சாவகாசமாப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை பவானியில் ஒரு கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை தலைவலி என்று படுத்தேன். செவ்வாய்க்கிழமை, நான் பிடி கொடுக்காததில் அலுத்துப்போய், அவளே பட்டையைக் காதில் ஒட்டிக்கொண்டு, அடுத்த புத்தகம் எடுக்க உட்கார்ந்தாள். கொசு கத்தியது. அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னமோ பேசோணும்னியே" என்றேன்.

"நானா? இல்லீங்களே. தோசை ஊத்தட்டுங்களா?"

வெற்றி! அன்றைக்கு நான் தின்ற தோசைக்குக் கணக்கில்லை.

ஆனால் நூலகம் லேசுப்பட்டதா? யாருக்கு எது பிடித்தது என்று அதற்குத் தெரியும். கொஞ்ச நாளில் அதே புத்தகத்தை அவள் முன்னால் நீட்டியது. "அட, முகிலன் எழுதினதா!" என்று புதுசாக ஆச்சரியப்பட்டு எடுத்தாள். அதே ஒரு வார மௌனம், அதே தோள் குலுங்கும் அழுகை. பிறகு அதே நெய், அதே பாட்டு. "இந்தக் கதையில வர்றவ நாந்தானுங்க." "உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்." இந்த முறை கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு கருவி கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கெடு முடிகிறவரை அங்கேயே தங்கிவிட்டேன்.

மூன்றாவது முறை நடந்ததைச் சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். மூன்றாவது முறை நூலகம் நீட்டவில்லை. அவள் கணக்கில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வைத்தவன் நான்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் அழுகிறாளா, இந்தத் தடவையும் அவனைப் பார்க்க வேண்டும் என்கிறாளா? பல் வலிக்கிற இடத்தை நாக்கு தேடிப் போகும் இல்லையா, அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. அந்தப் புத்தகத்தை முடித்த பிறகுதான் அவள் என் கை மேல் கை வைத்தாள். இன்னொருத்தனை நினைத்துக்கொண்டு வைக்கிறாள் என்று வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்புதான்.

அதற்குப் பிறகும் நடந்தது. திரையின் ஓரத்து எண்ணைப் பார்த்துப் பார்த்தே, எந்தப் பக்கத்தில் அழுவாள் என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் அந்த அத்தியாயத்தை நெருங்கும் நாளில் நான் கடையை விட்டு வரவே மாட்டேன். சாக்குச் சொல்வதிலும் கை தேர்ந்துவிட்டேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் கொசு கத்திய பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். பீரோவைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பாள். "எதுக்கு வந்தேன்னு தெரியலீங்க" என்பாள். "பால அடுப்புல வெச்சுப்போட்டு மறந்துட்டு வந்த மாதிரியே இருக்குது. போய்ப் பாத்தா அடுப்புல ஒண்ணுமில்ல" என்பாள். டாக்டர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். நானே நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வாரம் வக்கீலம்மா மறுபடி வந்தார், கையில் இரவலோடு.

"இதுல இருக்கற ஒரு நாவல நான் சொந்தமா வாங்கி கல்வெட்டுல படிக்கோணும். நாளைக்குக் கெடு முடியுது. இது எனக்குப் போயிரக்கூடாது."

"என்ன நாவலுங்க?"

"பள்ளிபாளையம் பாலம்."

எனக்குச் சுருக்கென்றது. "அந்தக் காதல் கதையா? அதுக்குப் போயி காசு குடுக்கறீங்களே!"

வக்கீலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காதலா? யாருங்க சொன்னது? அதுல காதலே இல்லீங்களே. நீங்க படிச்சீங்களா?"

"இல்லீங்க. கேள்விப்பட்டதுதான்."

"பொறந்த கொழந்தைய ஆஸ்பத்திரியிலயே பறிகொடுத்துட்டு வீட்டுக்கு வர்ற ஒரு பொம்பளையோட கதைங்க அது. முகிலரசனும் அவரு சம்சாரமும் அப்படி ஒரு கொழந்தைய விட்டவங்களாம். எங்கக்காவுக்கும் இப்படி ஆச்சு. அவ கூட உக்காந்து பேசோணும், அதுக்குத்தான் எனக்கு வேணும்."

அவருக்கு எப்படிப் பில் போட்டேன், என்ன பேசி அனுப்பினேன் என்று நினைவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல், மாதிரிக்கு வைத்திருந்த கல்வெட்டை எடுத்தேன். அந்த நாவலை வாங்கினேன். காதில் பட்டையை ஒட்டினேன். இது திரும்பிப் போகாது என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்கிறவன் ஆயிற்றே.

அந்த அத்தியாயத்துக்கு வந்தேன். அவள் அழும் பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மார்பில் பால் கட்டி வலிக்கிறது. அவள் புருஷன் மறுநாளே கடையைத் திறக்கிறான். வாங்கி வைத்த சின்னச் சட்டைகளை அவள் பார்ப்பதற்கு முன் யாருக்கோ கொடுத்துவிடுகிறான். வருகிறவர்களிடமெல்லாம், "அவகிட்ட அதப் பத்தி எடுக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறான். நல்லவன்தான். அவள் காத்திருக்கிறாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவன் வாயிலிருந்து வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை என்று சொன்னேன் அல்லவா? இருந்தது. இரண்டு நாள் இருந்தது. பெண் குழந்தை. மறுநாள் நான் கடையைத் திறந்தேன். சட்டைகளை ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்தேன். அவளிடம் யாரும் பேசக்கூடாது என்று என் அம்மாவிலிருந்து பக்கத்து வீடுவரை எல்லோருடைய வாயையும் அடைத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன், சத்தியமாக.

அவள் என்னிடம் பேச வேண்டும் என்று வந்தது இதைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் எப்படியோ தைரியம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் பவானிக்கும் கோபிக்கும் ஓடினேன்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கடைசியாக அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இப்போது அவளுக்குப் பேச வேண்டும் என்றே தோன்றாது. பேசுவதானால் நான்தான் பேச வேண்டும்.

"என்னங்க, பொழுதோட வந்துட்டீங்க? ஒடம்பு சரியில்லீங்களா?"

நானும் தரையில் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. வியாபாரத்தில் நாள் முழுக்கப் பேசுகிற வாய்!

"கோதை, நம்ம பாப்பா இருந்திருந்தா இப்ப எத்தனாவது படிச்சிருப்பா?"

அரிவாள்மணையில் அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமலே, யோசிக்காமலே சொன்னாள்: "ஏழாவது."

அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதோம். நான் சத்தம் போட்டு அழுதேன், பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

"நீங்க மறந்தே போயிட்டீங்கன்னு நெனச்சனுங்க" என்றாள்.

"மறக்கல கண்ணு. உன்ன அழ வெக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"அழுதா என்னங்க? செத்தா போயிருவேன்? கூட உக்காந்து அழுதிருக்கலாமில்ல?"

பிறகு அவள் பேசினாள். குழந்தையின் காது மடல் என்னுடையதைப் போல இருந்தது என்றாள். எனக்கு அது தெரியாது, நான் சரியாகப் பார்க்கவில்லை. அவள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். எனக்கு மட்டும் சொன்னாள், அதை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவரைக்காய் பாதி நறுக்கியபடியே கிடந்தது. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் என்னை நிஜமாகவே பார்த்த மாதிரி இருந்தது.

"இத்தன நாள் இல்லாம இன்னிக்கு எப்படீங்க வாய் வந்துச்சு?"

"ஒரு புத்தகம் படிச்சேன்."

"நீங்களா? புத்தகமா?" அழுகையோடு சிரித்துவிட்டாள். "விக்கறவரு படிக்கவும் ஆரம்பிச்சுட்டீங்களா! யாரு எழுதினதுங்க?"

"முகிலரசன்."

"நம்ம முகிலனா? அட! கெட்டிக்காரன்தான். எனக்கும் குடுங்க, நானும் படிக்கறேன்."

கை நீட்டினாள். கல்வெட்டு என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் என் பக்கத்தில் இருந்தாள், அவள் முகம் தெளிவாக இருந்தது, இனி அது போகவும் போகாது. நான் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்ட நேரம். வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் நீட்டிய அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நீ படிச்சிருக்கறே, கோதை. ஒரு தடவை இல்ல, பல தடவை. இரவல்ல."

"நானா?" அவள் நெற்றி சுருங்கியது. "படிச்சுப்போட்டு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"சொல்ல வந்தே. ஒவ்வொரு தடவையும் வந்தே."

"அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

கெடு முடியட்டும் என்று காத்திருந்தேன் என்றேன்.